சுண்ணாம்புக்கல்லின் மூச்சு

ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு வருவது போர்வெல் தண்ணீர்தான். பக்கெட்டில் பிடித்து வைத்தால் மறுநாள் விளிம்பில் வெள்ளை வளையம் கட்டியிருக்கும். வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பி, கொஞ்ச நாள் விட்டால், சட்டை போட்டதுபோல வெள்ளைப் பொருக்கு ஏறிப் பருத்துவிடும். போன வாரம் என் மகள் பாதி எலுமிச்சம்பழத்தை அதன்மேல் தேய்த்துவிட்டு, “அம்மா, இங்க வாயேன், எப்படி நுரைக்குது பாரு” என்று கூப்பிட்டாள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அது இருக்கிறதாம். சுண்ணாம்புக்கல்லும் இந்தப் பொருக்கும் ஒரே சரக்குதானாம். புளிப்பு பட்டால் காற்றை விடுமாம். வேறொன்றுமில்லையாம்.

நான் போகவில்லை. அடுப்பில் வேலை இருப்பதாகச் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் எட்டாம் வகுப்பில்தான். அந்தப் பாடம் வருவதற்குள் விட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நுரையை அவளுக்கு முன்பே பார்த்தவள் நான். அவள் வயதுகூட அப்போது எனக்கு இல்லை.

எங்கள் ஊர் ஊத்தங்கரையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. வானத்தைப் பார்த்து விதைக்கிற ஊர். காட்டைக் கொத்தினால் மண்ணைவிடச் சுக்கான்கல்தான் அதிகம் வரும். வெள்ளை வெள்ளையாக, முண்டும் முடிச்சுமாக, இஞ்சிக் கிழங்கு போல இருக்கும். சிலேட்டுப் பல்பம் தீர்ந்துபோனால் அதை உடைத்து எழுதுவோம். அடிபம்புத் தண்ணீரிலும் அந்தக் கல்தான் கரைந்து வந்தது போலிருக்கிறது. சோறு வடித்தால் சோறு மஞ்சளாகும். வெந்நீர் அண்டாவின் உட்புறம் ஓடு கட்டிவிடும். எங்களுக்கு அது வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. அம்மாவுக்குத்தான் தெரிந்தது. அம்மா பாரூர்ப் பக்கம். ஏரியும் கால்வாயும் நெல்லும் கரும்புமாக இருந்த ஊரில் பிறந்தவள். அங்கே பாத்திரம் தேய்த்தால் பாத்திரமாக இருக்குமாம். கல்யாணமாகி வந்த புதிதில் அண்டாவுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, இதில் ஏதோ வியாதி இருக்கிறதென்று பயந்தாளாம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பொங்கலுக்குப் பொங்கல் எலுமிச்சைத் தோலைப் போட்டு அந்த ஓட்டைத் தேய்த்துக் கழற்றுவது அம்மாவின் வழக்கம்.

பயப்படுகிற புத்தி எனக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருகிற ஆள் நான். ஒரே வித்தியாசம், அம்மா பயந்ததெல்லாம் நடந்தது.

அம்மாவோடு சீராக ஒரு செவலைக் கிடாரியும் வந்தது. அது வளர்ந்து, கன்று போட்டு, அந்தக் கன்றும் பசுவாகி, எனக்கு நினைவு தெரிந்தபோது தாயும் மகளுமாக இரண்டு மாடுகள் கொட்டகையில் நின்றன. சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது அம்மா. எங்கள் சாப்பாடும் என் பள்ளிக்கூடமும் அந்தப் பாலில் ஓடின. வீட்டில் அம்மாவுக்கென்று இருந்தது அந்த இரண்டு உயிர்கள் மட்டும்தான்.

கிணறு வற்றி, போட்ட தக்காளி பூவோடு கருகிய வருடம் அப்பா போர் போடுவதென்று முடிவு செய்தார். தண்ணீர் வந்தால் ஊரில் இருப்பது, வராவிட்டால் எல்லோரையும் போல ஓசூருக்குப் போய்க் கம்பெனி வாசலில் நிற்பது. இரண்டில் ஒன்று. அறுநூறு அடி வரை போவதற்குக் கையில் பணம் இருந்தது. அதற்கு மேல் போனால் மாடுகளைத்தான் கொடுக்க வேண்டும். வண்டி வருவதற்கு முந்தின சாயங்காலம் கொட்டகையில் வைத்து அப்பா அம்மாவுக்குச் சொன்ன வாக்கை நானும் கேட்டேன்.

“அறுநூறோட நிறுத்திடுவேன். உன் மாட்டு மேல கைய வெக்க மாட்டேன். போதுமா?”

அம்மா தலையாட்டினாள். செவலையும் ஆட்டியது. அது ஈயை விரட்டத்தான். எனக்கென்னவோ சாட்சி சொல்வதுபோல இருந்தது.

விடிந்ததும் திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்தது. எங்கள் காட்டுக்கு அவ்வளவு பெரிய வண்டி அதற்கு முன் வந்ததில்லை. ஊரே வேலியோரம் நின்றது. பூசை போட்டது பெரியப்பா, அப்பாவின் அண்ணன். எங்கள் ஊரில் எந்தப் போருக்கும் அவர்தான் பூசை. அவர் கைபட்ட குழிகளில் தண்ணீர் வராதவையே அதிகம். ஆனால் வந்த குழிகளை மட்டும் அவர் ஞாபகம் வைத்திருந்தார், ஊரும் அப்படியே வைத்திருந்தது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, “ஓட்டுங்க” என்றார்.

போர் ஓடும்போது மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். காட்டுக்காரன் மட்டும் வெளியே வருகிற புழுதியைப் பார்த்துக்கொண்டிருப்பான். முதலில் செம்மண் வந்தது. அப்புறம் கருங்கல் மாவு, சாம்பல் நிறத்தில். வெகுநேரம் அதே சாம்பல். வெயில் ஏறிய பிறகு புழுதி வெளுக்க ஆரம்பித்தது. வெளுத்து வெளுத்துக் கடைசியில் கோலமாவு போல ஆனது. அள்ளிப் பார்த்தவர்கள் சுண்ணாம்புக்கல் என்றார்கள். நடுநடுவே கற்கண்டு போல மின்னுகிற சில்லுகளும் இருந்தன. நான் அவற்றைப் பொறுக்கிப் பாவாடையில் கட்டிக்கொண்டேன். ஆனால் ஈரம் இல்லை. கையில் பிடித்தால் விரலிடுக்கில் வழிந்தோடியது. எங்கள் எல்லோருடைய தலையும் புருவமும் நரைத்துவிட்டன.

அறுநூறு அடி வந்ததும் வண்டியோடு வந்த மேனேஜர் மெஷினை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “சரி, ஏத்திக்குங்க” என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது.

ஆனால் எங்கள் பக்கத்தில், துளை போட்டு நிறுத்தும்போது சும்மா எழுந்து வரமாட்டார்கள். பூமியைக் குத்தியிருக்கிறோம், தண்ணீர்த் தெய்வம் கங்கம்மாவிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் குழிக்குள் இறக்கிய ராடை மேலே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் குழி ஓர் உயிரைக் கேட்கும் என்பார்கள். பெரியப்பா ஓர் எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து, குங்குமம் தடவி, குழிவாயின் இரண்டு பக்கமும் பிழிந்தார். சாறு அந்த வெள்ளை மாவின்மேல் விழுந்தது.

விழுந்த இடம் சுர்ரென்று நுரைத்தது.

பெரியப்பா ஓர் அடி பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்து மிச்சச் சாற்றையும் பிழிந்தார். மறுபடி நுரைத்தது. சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பி, சிவப்பும் வெள்ளையுமாகத் துடித்து அடங்கின.

“டேய் தம்பி! இங்க ஓடியாடா! மூச்சு வுடறாடா!”

“என்னாண்ணா?”

“உன் கண்ணால பாருடா. ஆத்தா அடியில வந்து உக்காந்துக்கிட்டு மூச்சு வுடறா. போறேன்னு சொன்னதும், போவாதடான்றா.”

வேலியோரம் நின்ற ஒருவன், “சோடா மாதிரி வருதே மாமா, பாட்டில்ல புடிச்சி விக்கலாமா?” என்றான்.

“வாய மூட்றா நாயே. சாமி குத்தம் ஆயிடும்” என்றார் பெரியப்பா. சிரித்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சோடா என்று சொன்னவனும் போட்டுக்கொண்டான்.

அப்பா மேனேஜரிடம் திரும்பினார். “நீங்க எத்தினியோ போரு பாத்தவரு. நீங்க சொல்லுங்க.”

“நானு ஓட்டறவனுங்க. தண்ணி சொல்றவனில்லீங்க” என்றார் அவர். “போகச் சொன்னா போறேனுங்க. வேண்டாம்னா ராட ஏத்திக்கறேனுங்க.”

அன்று காட்டில் பேசப்பட்டவற்றில் நியாயமான பேச்சு அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. சாமியே மூச்சு விடுகிறாள், இந்த ஆளுக்கு என்ன பிகு?

அம்மா தூரத்தில் புளிய மரத்தடியில் நின்றிருந்தாள். பெரியப்பா இருக்கிற இடத்தில் அவள் முன்னால் வந்து பேசமாட்டாள். எங்கள் வீட்டில் தம்பி மனைவிகள் அப்படித்தான். அப்பா அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு குழியைப் பார்த்தார். “இன்னும் ரெண்டு ராடு போங்க” என்றார். பெரியப்பா, “ரெண்டு என்னாடா ரெண்டு? ஆத்தா வர்ற வரைக்கும் போடா” என்றார். மெஷின் மறுபடி இரையத் தொடங்கியது. அப்பா என்னிடம், “அம்மாவ வூட்டுக்குப் போயி கோழி அடிக்கச் சொல்லு. எல்லாருக்கும் சாப்பாடு நம்ம வூட்லதான்” என்றார். மழைவிட்ட வானம் மாதிரி இருந்தது அவர் முகம். அந்த முகத்தை நான் வெகுநாளாகப் பார்த்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தாள். அப்புறம்தான் பார்த்தேன், முந்தானை முனையில் எதையோ முடிந்திருந்தாள். அவிழ்த்து ஒரு தட்டில் கொட்டினாள். குழியிலிருந்து வந்த வெள்ளை மாவு. எலுமிச்சம்பழத்தை அரிந்து அதன்மேல் பிழிந்தாள். நுரைத்தது. நான் கைதட்டினேன்.

அம்மா எழுந்து போய், வெந்நீர் அண்டாவுக்குள் கத்தியை விட்டுச் சுரண்டினாள். பொருக்கு கொஞ்சம் உதிர்ந்தது. அதைத் தட்டின் இன்னொரு ஓரத்தில் வைத்து அதன்மேலும் பிழிந்தாள்.

அதுவும் அப்படியே நுரைத்தது. அதே சத்தம், அதே குமிழி.

அம்மா குந்தியபடியே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை. எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“அம்மா! ஆத்தா நம்ம அண்டாவுலயும் இருக்கறாம்மா!”

“சும்மா இரு.”

“நான் ஓடிப் போயி அப்பாகிட்ட சொல்லட்டுமா?”

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “யாருகிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டயும்தான். மொதல்ல சாப்புடட்டும்.” தட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவி வாசலில் வீசினாள்.

சோற்றுக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மாவும், குழம்புச் சட்டியோடு நானும் காட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அம்மா உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். புளிய மர நிழலில் பந்தி. போர் வண்டிப் பையன்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். அப்பா அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தெரிந்த ஒரே இந்திச் சொல்லை வைத்துக்கொண்டு, “பானி! பானி!” என்று குழியைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். பெரியப்பா எலும்பைக் கடித்தபடி, தண்ணீர் வந்ததும் எந்த மூலையில் வாழை வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா பரிமாறிக்கொண்டே வந்து அப்பாவுக்கு எதிரில் குனிந்தாள். குரல் அடுத்த இலைக்குக் கேட்காதபடி, “ஏங்க, போதுங்க. சொன்ன அடி வந்துடுச்சில்ல” என்றாள்.

அப்பாவோ ஊருக்கே கேட்கும்படி பதில் சொன்னார். “ஏம்மே, ஏரித் தண்ணி குடிச்சி வளந்தவளுக்குக் கங்கம்மா அரும எங்க தெரியும்?”

பந்தி முழுக்கச் சிரிப்பு. அம்மா நகரவில்லை. “இல்லீங்க, அந்த நுரை…” என்றாள்.

“சொல்லு, என்னா நுரை?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கையில் சோற்று உருண்டை. தலை, மீசை, இமை எல்லாம் வெள்ளை மாவு. அதற்குள் இரண்டு கண்களும் திருவிழாவுக்குப் போகிற பிள்ளையின் கண்கள் போல இருந்தன. பக்கத்தில் பெரியப்பாவும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அம்மாவின் வாய் திறந்தே இருந்தது. நான் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இப்போது சொல்லிவிடுவாள், எல்லோரும் எழுந்து எங்கள் அண்டாவைப் பார்க்க வீட்டுக்கு ஓடி வருவார்கள் என்று நினைத்தேன்.

“ஒண்ணுமில்ல” என்றாள் அம்மா. “இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?”

சாயங்காலம் பெரியப்பா ஒரு மாட்டுத் தரகரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பா வரவில்லை. குழியை விட்டு நகர்ந்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று சொல்லியனுப்பியிருந்தார். பெரியப்பா வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், “தண்ணி வந்ததும் இதுக்கு ரெட்டிப்பா புடிச்சி கட்டிக்கலாம்” என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். கொட்டகைக்குப் போய் அவளே இரண்டு மாடுகளையும் அவிழ்த்தாள். மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது, அது வீட்டில் தங்க வேண்டும் என்பது வழக்கம். தரகர் கொண்டுவந்த புதுக் கயிற்றில் மாடுகள் போயின. செவலை தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. பழைய கயிறுகள் இரண்டையும் அம்மா கொட்டகை முளையில் மாட்டினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளைக் கல் முடிந்து மறுபடி கருங்கல் வந்தது. சாம்பல் புழுதி. எலும்பு மாதிரி உலர்ந்த புழுதி. அப்பாவிடம் கொடுக்க வேறெதுவும் இல்லையென்று தெரிந்ததும் மேனேஜர் தானாகவே ராடுகளை ஏற்றினார். அந்த முறை உத்தரவு கேட்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பெரியப்பா அதற்கு முன்பே ஏதோ வேலையென்று போய்விட்டார். குழிவாயில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டி போனது.

மார்கழி வந்தபோது தெருப் பெண்கள் எங்கள் காட்டுக்கு வந்து அந்த வெள்ளை மாவைக் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த வருடம் எங்கள் தெருவில் போட்ட கோலங்கள் அவ்வளவு வெளுப்பாக இருந்தன. எங்கள் காட்டு மாவு என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அம்மா மட்டும் வாசலில் வெறும் தண்ணீரைத் தெளித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்புறம் ஓசூர். அப்பா ஒரு கம்பெனி கேட்டில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். அம்மா ரோஜாத் தோட்டத்துக் கொட்டகையில் பூக்கட்டுப் போடப் போனாள். எனக்கு ஒரு மில்லில் வேலை கிடைத்தபோது பள்ளிக்கூடத்தை விட்டதைப் பற்றி யாரும் பேசவில்லை. கேட்டுக்கு வருகிற லாரி டிரைவர்களிடமெல்லாம் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். “கல்லு மூச்சு வுட்டுச்சிங்க. நான்தான் அவசரப்பட்டு நிறுத்திட்டேன். இன்னும் ஒரே ஒரு ராடு போயிருந்தா ஆத்தா வந்திருப்பா.” குடித்திருந்தால் அழுதுகொண்டே சொல்வார், குடிக்காத நாளில் சிரித்துக்கொண்டே. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும் அதைத்தான் சொன்னார். அந்தக் குழி ஓர் உயிரை எடுத்தது. மெதுவாக எடுத்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “ஆமாங்க, இன்னும் ஒரு ராடு” என்று காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா இன்னும் இருக்கிறாள். நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பாவம் பார்த்து விட்டாளா, சொன்னால் யார் கேட்பார்கள் என்று விட்டாளா, இல்லை அந்தக் கடைசி நேரத்தில் அவளுக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியாது.

போர் போட்ட அன்று பொழுது சாய்ந்த பிறகு அப்பா வீட்டுக்கு வந்தார். தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த சிலை மாதிரி வந்து, காலிக் கொட்டகையின் முளைக்கு எதிரில் உட்கார்ந்தார். கயிறுகளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அவர் அழுகையை நிறுத்துகிற விஷயம் ஒன்று எனக்கு மட்டும் தெரியும் என்ற சந்தோஷத்தில் ஓடிப் போனேன்.

“அழாதப்பா. ஆத்தா எங்கயும் போவல. நம்ம வூட்டு அண்டா…”

பின்னாலிருந்து அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. ஈரக் கை. எலுமிச்சம்பழ வாசனை. உதடு பல்லில் பட்டு வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தாள். அப்பா நிமிர்ந்து, “என்னா சொல்லுது?” என்று கேட்டார். “பசிக்குதாம்” என்றாள் அம்மா.

சாமி விஷயத்தை வெளியே சொன்னால் பலிக்காமல் போய்விடும், அதனால்தான் அம்மா வாயைப் பொத்தினாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த நம்பிக்கையில் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். மறுநாள் காலை யாரும் பார்க்காத நேரத்தில் வெந்நீர் அண்டாவின் நெற்றியில், கரிக்குமேல், பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன்.

அம்மா வந்து பார்த்தாள். திட்டவில்லை, துடைக்கவும் இல்லை. தண்ணீரை ஊற்றி, விறகைத் தள்ளி, அந்தப் பொட்டோடேயே அப்பாவுக்கு வெந்நீர் வைத்தாள்.